கடலோரப் பாதுகாப்பில் கடற்படை: பங்கும் கட்டளை முறையும்

(சிக்கந்தராபாத்தை அடுத்த போவன்பள்ளியில், மாணவர்களும் அரசு அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

போவன்பள்ளியிலிருந்து மிக அருகிலுள்ள கடற்கரையை அடைவதற்கே சாலை வழியாக முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்தாக வேண்டும். தக்காணப் பீடபூமியில், பழைய ராணுவக் குடியிருப்பை ஒட்டி வளர்ந்துள்ள இவ்வூரில் கடற்படையைப் பற்றிப் பேசுவது பொருத்தமானதா என்ற ஐயம் சிலருக்கு எழக்கூடும். ஆனால், இவ்வூர்க் காய்கறிச் சந்தைக்கு நாள்தோறும் வந்து சேரும் லாரிகள் டீசலில் ஓடுகின்றன. நாட்டின் கச்சா எண்ணெய்த் தேவையில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளிநாடுகளிலிருந்தே வருகிறது. அது வருவது கப்பலில். அந்தக் காய்கறியை விளைவிக்கும் உழவருக்குத் தேவையான பொட்டாஷ் உரமும் கடல் கடந்தே வருகிறது. நாட்டின் அயல்நாட்டு வாணிபத்தில், அளவைக் கொண்டு பார்த்தால் ஏறத்தாழ 95 சதவீதமும், மதிப்பைக் கொண்டு பார்த்தால் சுமார் 70 சதவீதமும் கடல் வழியாகவே நடைபெறுகின்றன. ஆகவே, கடலோரத்தின் பாதுகாப்பு கடலோர மாநிலங்களுக்கு மட்டும் உரிய பிரச்சினை அன்று.

ஐதராபாத்துக்கும் கடலுக்கும் வேறு தொடர்புகளும் உண்டு. 1999-இல் நிறுவப்பட்ட இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இந்நகரில்தான் உள்ளது. 2004 டிசம்பர் 26-இல் நிகழ்ந்த ஆழிப்பேரலைக்குப் பின்னர், 2007 முதல் சுனாமி எச்சரிக்கை இம்மையத்திலிருந்தே விடுக்கப்படுகிறது. கடற்படைக்கான ஏவுகணைகளும் நீர்மூழ்கிக் குண்டுகளும் தயாரிக்கும் பொதுத்துறை நிறுவனமான பாரத் டைனமிக்ஸ் இந்நகரைச் சேர்ந்தது. முப்படைகளின் மூத்த அதிகாரிகள் நிர்வாகக் கலையைப் பயிலும் பாதுகாப்பு மேலாண்மைக் கல்லூரி சிக்கந்தராபாத்தில் இருக்கிறது. எனவே, கடற்கரை இல்லாத இவ்விடத்தில் கடலோரப் பாதுகாப்பின் கட்டளை முறையை ஆராய்வது பொருத்தமே.

கடல் வழி வந்த இடர்கள்

இந்தியாவின் நிலப்பகுதிக்குக் கடலிலிருந்து ஆபத்து வந்ததற்கு வரலாற்றில் பல சான்றுகள் உண்டு. முதல் உலகப் போர் தொடங்கிய சில வாரங்களிலேயே, 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவில், எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தை அணுகி, எண்ணெய்த் தொட்டிகளின் மீது குண்டு வீசியது. தாக்குதல் சில நிமிடங்களே நீடித்தது. ஆயினும், அதனால் விளைந்த அச்சத்தின் நினைவாக 'எம்டன்' என்னும் சொல் தமிழ்ப் பேச்சு வழக்கில் நிலைத்துவிட்டது. இரண்டாம் உலகப் போரில், 1942 ஏப்ரல் 6-ஆம் நாள், விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் ஜப்பானிய விமானங்களின் தாக்குதலுக்கு உள்ளாயின. அந்த நாட்களில் சென்னை நகர மக்களில் பெரும் பகுதியினர் ஊரைவிட்டு வெளியேறினர். 1971 டிசம்பர் போரில், விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலைத் தேடி வந்த காஜி என்ற பாகிஸ்தானிய நீர்மூழ்கிக் கப்பல் விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கியது.

இவை யாவும் அரசுகளுக்கிடையே நடந்த போரின் நிகழ்ச்சிகள். வந்தவர் யார் என்பது தெளிவு. எதிர்கொள்ள வேண்டியவர் யார் என்பதிலும் குழப்பம் இல்லை. பிற்காலத்தில் நிலைமை மாறியது. 1993-இல் மகாராஷ்டிரத்தின் ராய்கட் மாவட்டக் கடற்கரையில் வெடிப்பொருள்கள் கள்ளத்தனமாக இறக்கப்பட்டன. அவ்வாண்டு மார்ச் 12-ஆம் நாள் பம்பாயில் அடுத்தடுத்து நிகழ்ந்த குண்டுவெடிப்புகளில் 257 பேர் உயிரிழந்தனர். 2008 நவம்பரில் கராச்சியிலிருந்து புறப்பட்ட பத்துப் பேர், நடுக்கடலில் குபேர் என்ற இந்திய மீன்பிடிப் படகைக் கைப்பற்றி, மும்பையை நெருங்கியதும் சிறு ரப்பர் படகுக்கு மாறிக் கொலாபா பகுதியில் கரையேறினர். அதைத் தொடர்ந்த தாக்குதலில் 166 பேர் கொல்லப்பட்டனர்.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் போர்க்கப்பல் எதுவும் வரவில்லை. வந்தது படகு; அதுவும் நூற்றுக்கணக்கான மற்றப் படகுகளைப் போன்ற தோற்றமுடைய படகு. அதைத் தடுத்து நிறுத்த வேண்டியது கடற்படையா, சுங்கத் துறையா, காவல் துறையா என்ற வினாவுக்கு அப்போது தெளிவான விடை இருக்கவில்லை. இன்றைய கட்டளை முறை அந்த வினாவிலிருந்தே பிறந்தது.

பாதுகாத்தலும் காவல் புரிதலும்

இங்கே இரண்டு பணிகளை வேறுபடுத்திக் காண்பது அவசியம். எதிரி நாட்டின் படைகள் தாக்கும்போது நாட்டைக் காப்பது முதல் பணி, இது போர்ப்பணி. கடத்தல்காரர், கள்ளத்தனமாக நுழைவோர், பயங்கரவாதிகள் ஆகியோரைக் கண்டுபிடித்துச் சட்டத்தின் முன் நிறுத்துவது இரண்டாவது பணி, இது காவல்பணி. முதற்பணியில் பகைவனை அழிப்பதே நோக்கம். இரண்டாவது பணியிலோ, எதிரே இருப்பவர் குற்றவாளியா, வழிதவறி வந்த மீனவரா என்று முதலில் அறிய வேண்டும். சான்றுகளைத் திரட்டி நீதிமன்றத்தில் நிலைநாட்டவும் வேண்டும். கடற்படை முதற்பணிக்காக உருவாக்கப்பட்டது. அதன் ஆயுதங்களும் பயிற்சியும் அதற்கேற்பவே அமைந்துள்ளன.

நமது அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையும் இந்த வேறுபாட்டைப் பின்பற்றுகிறது. கடற்படை மத்திய அரசின் பட்டியலில் உள்ளது. காவல்துறை மாநிலப் பட்டியலில் உள்ளது. மீன்பிடித்தல்கூட இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. ஆட்சிக்கடலுக்குள் அது மாநிலப் பொறுப்பு, அதற்கு அப்பால் மத்திய அரசின் பொறுப்பு. ஒரே படகு காலையில் ஓர் அரசின் அதிகாரத்திலும் மாலையில் மற்றோர் அரசின் அதிகாரத்திலும் இருக்கக்கூடும்.

அமெரிக்காவும் இதே சிக்கலைச் சந்தித்தது. 2001 செப்டம்பர் 11-ஆம் நாள் தாக்குதலுக்குப் பின், தாயகத்தைப் படைபலத்தால் காப்பதற்காக வடக்குக் கட்டளையகம் 2002 அக்டோபரில் நிறுவப்பட்டது. கடலிலிருந்து பல நூறு மைல் உள்நாட்டில், மலையடிவார நகரமான கொலராடோ ஸ்பிரிங்ஸில் அதன் தலைமையகம் அமைந்துள்ளது. மறுபுறம், கடலோரக் காவற்படை 2003-இல் புதிய உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ் கொண்டுவரப்பட்டது. அந்நாட்டில் குடிமக்கள் மீது சட்டத்தை நடைமுறைப்படுத்தப் படைகளைப் பயன்படுத்துவதற்கு 1878-ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது; தரைப்படைக்கென இயற்றப்பட்ட அக்கட்டுப்பாடு பிற்காலத்தில் கடற்படைக்கும் விரிவாக்கப்பட்டது. கடலோரக் காவற்படை அதற்கு உட்பட்டதன்று. போர்க்காலத்தில் அது கடற்படையின் கீழ் இயங்கவும் சட்டத்தில் இடமுண்டு. ஆகவே, அங்கு போர்ப்பணிக்கும் காவல்பணிக்கும் இடையே பாலமாக நிற்பது கடலோரக் காவற்படையே.

மூன்று அடுக்குக் காவல்

இந்தியாவில் 1976-ஆம் ஆண்டுக் கடல் மண்டலங்கள் சட்டம் கடலை எல்லை வகுத்துக் கொடுத்தது. கரையோர அடிக்கோட்டிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர், ஆட்சிக்கடல். 24 கடல் மைல் வரை அடுத்துள்ள மண்டலம். 200 கடல் மைல், அதாவது சுமார் 370 கிலோமீட்டர் வரை தனிப் பொருளாதார மண்டலம். இதன் பரப்பு இருபது லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்டது. கடற்கரையின் நீளம் நெடுங்காலமாக 7,516 கிலோமீட்டர் என்றே பாடநூல்களில் குறிக்கப்பட்டு வந்தது. நுட்பமான அளவீட்டு முறைகளின்படி அது அண்மையில் 11,098 கிலோமீட்டர் எனத் திருத்தப்பட்டது. நிலம் கூடவில்லை, முகத்துவாரங்களும் கழிகளும் வளைவுகளும் கணக்கில் சேர்ந்தன. கள்ளப் படகு ஒதுங்குவதும் அத்தகைய கழிகளில்தான் என்பதால், பாதுகாப்பு நோக்கில் இத்திருத்தம் வெறும் புள்ளிவிவரம் அன்று.

கடத்தலைத் தடுக்கக் கடற்படையின் பெருங்கப்பல்களைப் பயன்படுத்துவது சிக்கனமும் அன்று, முறையும் அன்று என்ற கருத்து எழுபதுகளில் வலுப்பெற்றது. கே.எப். ருஸ்தம்ஜி தலைமையில் 1974-இல் அமைக்கப்பட்ட குழு தனியொரு காவற்படையைப் பரிந்துரைத்தது. 1977 பிப்ரவரி 1-இல் இடைக்கால ஏற்பாடாகத் தொடங்கிய கடலோரக் காவற்படை, 1978 ஆகஸ்டில் நிறைவேறிய சட்டத்தால் நிலைபெற்றது. கடற்படை அளித்த இரு பழைய போர்க்கப்பல்களையும் ஐந்து ரோந்துப் படகுகளையும் கொண்டே அது பணியைத் தொடங்கியது.

மூன்றாவது அடுக்கான மாநிலக் கடலோரக் காவல் பின்னரே உருவாயிற்று. இதில் தமிழ்நாட்டின் அனுபவம் முன்னோடியானது. இலங்கையிலிருந்து அமைதிப்படை 1990-இல் திரும்பிய பின், பாக் நீரிணையில் ஆயுதக் கடத்தலைத் தடுக்கக் கடற்படை 'ஆபரேஷன் தாஷா' என்ற ரோந்தினை மேற்கொண்டது. 1994-இல் தமிழ்நாடு காவல்துறையில் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் தோன்றியது. மேற்குக் கரையில் 1993 முதல் கடற்படை, கடலோரக் காவற்படை, சுங்கத் துறை, மாநிலக் காவல்துறை ஆகியவை இணைந்து 'ஆபரேஷன் ஸ்வான்' என்னும் கூட்டு ரோந்தினை நடத்தின.

கார்கில் போருக்குப் பின் அமைந்த அமைச்சர்கள் குழு 2001-இல் அளித்த அறிக்கை கடலோரக் குறைபாடுகளைச் சுட்டிக்காட்டியது. அதன் விளைவாக 2005-இல் தொடங்கிய கடலோரப் பாதுகாப்புத் திட்டத்தின் முதற்கட்டத்தில் 73 கடலோரக் காவல் நிலையங்களும் 97 சோதனைச் சாவடிகளும் 204 படகுகளும் அனுமதிக்கப்பட்டன. 2011-இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் மேலும் 131 காவல் நிலையங்களும் 60 படகுத் துறைகளும் சேர்க்கப்பட்டன. எனினும், இவ்விரு கட்டங்களுக்கும் இடையில்தான் 2008-ஆம் ஆண்டுத் தாக்குதல் நிகழ்ந்தது. படகும் நிலையமும் இருந்தால் மட்டும் போதாது, அவற்றை ஒருங்கே இயக்கும் பொறுப்பு ஒருவரிடம் இருக்க வேண்டும் என்பதை அத்தாக்குதல் உணர்த்தியது.

2009-ஆம் ஆண்டு முடிவு

2009 பிப்ரவரியில் பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு எடுத்த முடிவே இன்றைய கட்டளை முறைக்கு அடிப்படை. அதன்படி, கடலோரப் பாதுகாப்பு, எண்ணெய்த் தளங்களின் பாதுகாப்பு உள்ளிட்ட கடல்சார் பாதுகாப்பு முழுமைக்கும் கடற்படை பொறுப்பேற்றது. ஆட்சிக்கடலின் பாதுகாப்புப் பொறுப்பு, மாநிலக் காவல்துறை ரோந்து செல்லும் பகுதியையும் உள்ளடக்கி, கடலோரக் காவற்படைக்குக் கூடுதலாக அளிக்கப்பட்டது. அப்படையின் தலைமை இயக்குநர், மத்திய, மாநில அமைப்புகளிடையே ஒருங்கிணைப்பை ஏற்படுத்தும் கடலோரக் கட்டளை அதிகாரியாக நியமிக்கப்பட்டார். கடற்படையின் மண்டலத் தலைமை அதிகாரிகள் கடலோரப் பாதுகாப்புக்கான தலைமைத் தளபதிகள் என்ற பொறுப்பையும் ஏற்றனர்.

மும்பை, கொச்சி, விசாகப்பட்டினம், அந்தமான் ஆகிய இடங்களில் கூட்டு நடவடிக்கை மையங்கள் அமைக்கப்பட்டன. தமிழ்நாடு, ஆந்திரப் பிரதேசம், ஒடிசா, மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களின் கடலோரம் விசாகப்பட்டினத்திலுள்ள கிழக்குக் கடற்படைக் கட்டளையகத்தின் பொறுப்பில் வருகிறது. கடற்படைத் தளங்களைக் காப்பதற்கென சாகர் பிரஹரி பல் என்ற தனிப்பிரிவும் அதே ஆண்டில் உருவாக்கப்பட்டது. மத்தியில் அமைச்சரவைச் செயலாளர் தலைமையில் தேசியக் குழுவும், மாநிலங்களில் தலைமைச் செயலாளர் தலைமையில் குழுவும், மாவட்டங்களில் ஆட்சியர் தலைமையில் குழுவும் அமைந்தன.

இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள, நிர்வாகக் கட்டுப்பாடு, செயற்பாட்டுக் கட்டுப்பாடு என்ற இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆட்களைச் சேர்த்தல், ஊதியம் வழங்குதல், பதவி உயர்வு அளித்தல், படகுகளைப் பழுதுபார்த்தல் முதலியன நிர்வாகக் கட்டுப்பாடு. ஒரு குறிப்பிட்ட நேரத்தில் ஒரு குறிப்பிட்ட படகு எங்கே செல்ல வேண்டும் என்று ஆணையிடுவது செயற்பாட்டுக் கட்டுப்பாடு. 2009-ஆம் ஆண்டு முடிவு கடற்படைக்குப் பொறுப்பை அளித்தது. ஆனால் மாநிலக் காவல் படகின் மீது நிர்வாகக் கட்டுப்பாட்டை அளிக்கவில்லை. கூட்டாட்சி நாட்டில் அவ்வாறு அளிப்பதும் எளிதன்று. ராமேசுவரத்திலோ காசிமேட்டிலோ உள்ள காவல் ஆய்வாளர் தம் மாவட்டக் காவல் அதிகாரிக்கும் மாநிலக் காவல் தலைமைக்கும் கட்டுப்பட்டவர். கடற்படை அதிகாரி அவரிடம் வேண்டலாம், ஆணையிட முடியாது.

ஆகவே, இம்முறை ஒருங்கிணைப்பையே பெரிதும் நம்பியிருக்கிறது. ஒருங்கிணைப்பு பழக்கத்தால் வருவது; ஒரே அரசாணையால் வந்துவிடாது. மாநிலந்தோறும் நடத்தப்படும் 'சாகர் கவச்' பயிற்சியும், 2019 ஜனவரியில் முதன்முறையாகக் கடலோரம் முழுவதும் நடந்து, 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் தொடர்ந்த 'சீ விஜில்' பயிற்சியும் இந்நோக்கம் கொண்டவை. கடற்படை, கடலோரக் காவற்படை, காவல்துறை, சுங்கம், துறைமுகம், மீன்வளத் துறை ஆகியவற்றின் அலுவலர்கள் நெருக்கடி வருவதற்கு முன்பே ஒருவரையொருவர் அறிந்திருப்பது இப்பயிற்சிகளின் முக்கியப் பயன்.

கண்ணும் காதும்

கட்டளையிடுபவருக்கு முதலில் தேவைப்படுவது தகவல். 2011 ஜூலை 31-ஆம் நாள், ஓமன் அருகே மாலுமிகளால் கைவிடப்பட்ட பவித் என்ற சிறிய எண்ணெய்க் கப்பல், அரபிக் கடலில் பல வாரங்கள் மிதந்து, மும்பையின் ஜுஹு கடற்கரையில் தானாகவே ஒதுங்கியது. தாக்குதல் நடந்த மூன்றாண்டுக்குள், அதே நகரின் கரையில், ஆளில்லாத கப்பலொன்று எவர் கண்ணிலும் படாமல் வந்து சேர்ந்தது அதிகாரிகளைத் திடுக்கிட வைத்தது.

இக்குறையைப் போக்க, முதற்கட்டமாக 46 இடங்களில் கடலோர ரேடார் நிலையங்கள் நிறுவப்பட்டன. கலங்கரை விளக்கங்களில் கப்பல் அடையாளக் கருவிகள் பொருத்தப்பட்டன. கடற்படையும் கடலோரக் காவற்படையும் சேர்ந்த 51 நிலையங்களிலிருந்து வரும் தகவல்களை ஒன்றுசேர்க்கும் மையம் 2014 நவம்பரில் குருகிராமில் தொடங்கப்பட்டது. நட்பு நாடுகளுடன் தகவல் பரிமாறிக்கொள்ளும் மையம் 2018 டிசம்பரில் அங்கேயே திறக்கப்பட்டது.

ஆயினும், பெரிய கப்பலைக் காண்பது எளிது. சிறு படகை இனங்காண்பது அரிது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மீனவக் கிராமங்களிலிருந்து இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட படகுகள் கடலுக்குச் சென்று வருகின்றன. படகுகளுக்கு மாநிலவாரியாக வண்ணம் தீட்டுதல், மீனவர்களுக்கு அடையாள அட்டை வழங்குதல் ஆகியவை நடைமுறைக்கு வந்தன. 2024 ஆகஸ்டில் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் செயற்கைக்கோள் வழித் தொடர்புக் கருவிகளைப் பொருத்தும் திட்டம் 364 கோடி ரூபாய்ச் செலவில் தொடங்கப்பட்டது. புயல் எச்சரிக்கையைப் பெறவும், ஆபத்தில் உதவி கோரவும், எல்லையை அறியவும் இக்கருவி பயன்படும். மீனவருக்கு நேரடி நன்மை தரும் கருவி என்பதால் அவர் அதைக் கழற்றி வைக்கமாட்டார் என்பது இத்திட்டத்தின் சிறப்பு.

மீனவரைப் பாதுகாப்புப் பணியின் கண்ணும் காதும் என்று எல்லா அறிக்கைகளும் கூறுகின்றன. 2008-இல் கொலாபாவில் கரையேறியவர்களை முதலில் கண்டவர்கள் அங்கிருந்த மீனவக் குடியிருப்பினரே. ஐயத்துக்கிடமான படகைக் கண்டால் கடலோரக் காவற்படைக்கு 1554 என்ற எண்ணிலும், கடலோரக் காவல்துறைக்கு 1093 என்ற எண்ணிலும் தெரிவிக்கலாம். ஆனால், கண்ணாகவும் காதாகவும் இருப்பவரின் நம்பிக்கையை இழந்துவிட்டால் இவ்வெண்களால் பயனில்லை. 2022 அக்டோபர் 21-இல் பாக் விரிகுடாவில், நிறுத்தச் சொல்லியும் நிற்கவில்லை எனக் கருதப்பட்ட தமிழ்நாட்டு மீன்பிடிப் படகின் மீது நமது கடற்படைக் கப்பல் சுட்டதில் மீனவர் ஒருவர் காயமுற்றார். கடற்படை விசாரணைக்கு ஆணையிட்டது. போர்ப்பயிற்சி பெற்ற படை காவல்பணியை மேற்கொள்ளும்போது எழும் இடரை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. இருளில், அலையின் இரைச்சலிலும் எஞ்சின் ஒலியிலும், ஒலிபெருக்கியின் குரல் படகிலிருப்பவருக்குக் கேட்டதா என்பதை அறிவது கடினம். எச்சரிக்கும் முறை, அதன் மொழி, படகில் இருக்க வேண்டிய கருவி ஆகிய மூன்றும் முன்கூட்டியே வகுக்கப்பட்டு மீனவருக்கும் தெரிவிக்கப்பட வேண்டும்.

சட்டத்தின் துணை

பிடிபட்டவரை என்ன செய்வது என்பது அடுத்த வினா. 2013 அக்டோபரில் சீமேன் கார்டு ஓகையோ என்ற, சியரா லியோன் கொடி தாங்கிய கப்பலைக் கடலோரக் காவற்படை தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தது. அதில் கடற்கொள்ளையரிடமிருந்து வணிகக் கப்பல்களைக் காக்கும் தனியார் காவலர்கள் ஆயுதங்களுடன் இருந்தனர். கப்பலிலிருந்த 35 பேருக்குத் தூத்துக்குடி நீதிமன்றம் 2016 ஜனவரியில் ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. 2017 நவம்பரில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவர்களை விடுதலை செய்தது. நான்காண்டுகள் நீடித்த இவ்வழக்கிலிருந்து ஒரு பாடம் கிடைக்கிறது. கடலில் கப்பலைச் சூழ்ந்து பிடிப்பது ஒரு நாள் வேலை. அது நின்ற இடம், வந்த நோக்கம், அதற்குப் பொருந்தும் சட்டம் ஆகியவற்றை நீதிமன்றத்தில் நிறுவுவது பல ஆண்டு வேலை.

2022-ஆம் ஆண்டுக் கடற்கொள்ளைத் தடுப்புச் சட்டம் இதற்கு ஒரு பகுதி விடை அளித்தது. 2024 மார்ச்சில், இந்தியக் கரையிலிருந்து சுமார் 2,600 கிலோமீட்டர் தொலைவில், ருவன் என்ற வணிகக் கப்பலைக் கடற்கொள்ளையரிடமிருந்து கடற்படை மீட்டது. 17 மாலுமிகள் காப்பாற்றப்பட்டனர். சரணடைந்த 35 கொள்ளையரும் மும்பைக்குக் கொண்டுவரப்பட்டுக் காவல்துறையிடம் ஒப்படைக்கப்பட்டனர். பிடித்தவர் யார், வழக்கு நடத்துபவர் யார், எச்சட்டத்தின்படி என்ற மூன்றும் இங்கே தெளிவாக இருந்தன. ஆனால் இச்சட்டம் தொலைவிலுள்ள பெருங்கடலுக்கு உரியது. கரையை ஒட்டிய கடலில் பல அமைப்புகளின் அதிகாரங்களை ஒரே இடத்தில் தொகுத்துரைக்கும் கடலோரப் பாதுகாப்புச் சட்டத்துக்கான வரைவு 2013-இல் உருவாயினும் சட்டமாகவில்லை.

செலவும் பயனும்

பொருளாதார நோக்கிலும் இதனை ஆராய வேண்டும். பாதுகாப்பு என்பது பொதுப்பண்டம். ஒருவர் அனுபவிப்பதால் மற்றவருக்குக் குறைவதில்லை, எவரையும் அதிலிருந்து விலக்கவும் இயலாது. குஜராத் கரையில் ஒரு படகு தடுக்கப்பட்டால் அதன் பயன் மும்பைக்கோ, ஏன், ஐதராபாத்துக்கோ கிட்டலாம். தன் செலவின் பயன் பிறருக்கே செல்லும்போது, எந்த மாநிலமும் தேவைக்குக் குறைவாகவே செலவிட முற்படும். இது மாநிலங்களின் குற்றமன்று, பொதுப்பண்டத்தின் இயல்பு. அதனால்தான் படகுகளுக்கும் கட்டடங்களுக்கும் மத்திய அரசு நிதி அளித்தது. ஆனால், ஆட்களுக்கான செலவு மாநிலங்களைச் சார்ந்தது. காலம் செல்லச் செல்ல எரிபொருள், பராமரிப்புச் செலவுகளும் அவற்றிடமே வந்தன. பயிற்சி பெற்ற படகோட்டிகளும் எஞ்சின் பணியாளர்களும் இல்லாமல் படகுகள் துறையிலேயே கட்டிக் கிடந்ததைத் தணிக்கை அறிக்கைகள் பல மாநிலங்களில் சுட்டிக்காட்டியுள்ளன. மூலதனச் செலவுக்கு எளிதில் கிடைக்கும் நிதி தொடர்செலவுக்குக் கிடைக்காதது வளர்ச்சித் திட்டங்கள் பலவற்றிலும் காணும் குறையே.

மற்றொரு செலவு கணக்கேட்டில் தெரிவதில்லை. பல ஆயிரம் கோடி ரூபாய் மதிப்புள்ள போர்க்கப்பல் மீன்பிடிப் படகுகளைச் சோதித்துக் கொண்டிருந்தால், அந்த நேரத்தில் அது எண்ணெய்க் கப்பல்கள் செல்லும் பாதையில் இருக்க முடியாது. கடற்படை கரையோரத்தில் முடங்குவதால் இழக்கும் இவ்வாய்ப்பே அதன் உண்மையான செலவு. எனவே, மாநிலக் கடலோரக் காவலை வலுப்படுத்துவது கடற்படைக்கும் நன்மை தருவதாகும்.

ஒரே கட்டளையை நோக்கி

பொறுப்பு ஒருவரிடமும் அதிகாரம் பலரிடமும் இருக்கும் நிலையைச் சீராக்கும் முயற்சிகள் தொடர்கின்றன. 2022 பிப்ரவரியில் தேசியக் கடல்சார் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் என்ற பதவி தோற்றுவிக்கப்பட்டு, ஓய்வுபெற்ற வைஸ் அட்மிரல் ஜி. அசோக் குமார் அதன் முதல் பொறுப்பாளரானார். முப்படைகளைப் பொறுத்தவரை, 2001-இல் அமைந்த அந்தமான் நிக்கோபார் கட்டளையகம் முதல் கூட்டுக் கட்டளையாகும். 2020 ஜனவரியில் முப்படைத் தலைமைத் தளபதி பதவி நடைமுறைக்கு வந்தது. ஒரு படையைச் சேர்ந்த தளபதி தம் கீழுள்ள பிற படையினர் மீதும் ஒழுங்கு அதிகாரம் செலுத்த வகைசெய்யும் சட்டம் 2023-இல் நிறைவேறி, 2024 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. கடல்சார் பகுதிக்கென ஒரு கூட்டுக் கட்டளை அமைக்கும் யோசனையும் இதன் தொடர்ச்சியே.

எனினும், படைகளுக்கிடையே கட்டளை ஒன்றுபட்டாலும், படைக்கும் மாநிலக் காவல்துறைக்கும் இடையிலுள்ள இடைவெளி அதனால் மட்டும் நிரம்பிவிடாது. இதில் ஆஸ்திரேலியாவின் ஏற்பாடு கவனிக்கத்தக்கது. அந்நாட்டின் கடல் எல்லைக் கட்டளையகத்துக்குக் கடற்படை ரியர் அட்மிரல் ஒருவர் தலைமை ஏற்கிறார். அவர் பாதுகாப்புப் படையின் அதிகாரத்தையும் எல்லைக் காவல் துறையின் அதிகாரத்தையும் ஒருசேரப் பெற்றவர். அவர் படைத்தளபதியாக ஆணையிடுவதும் சட்டத்தைச் செயற்படுத்தும் அலுவலராக ஆணையிடுவதும் ஒரே அறையிலிருந்துதான். கூட்டாட்சி முறையையுடைய அந்நாட்டில் இது இயன்றதெனில், நமது நாட்டில் மாநிலங்களின் இசைவுடன் அதற்கு இணையான ஓர் ஏற்பாடு இயலாததன்று.

அதற்கு மூன்று படிகள் தேவை. முதலாவதாக, ஒவ்வொரு வகை நிகழ்ச்சிக்கும் தலைமை ஏற்கும் அமைப்பு எது, துணைநிற்கும் அமைப்பு எது என்பது முன்னதாகவே எழுத்தில் இருக்க வேண்டும். கல்பாக்கம், கூடங்குளம் போன்ற அணு நிலையங்களை ஒட்டிய கடலில் இது இன்றியமையாதது. இரண்டாவதாக, நெருக்கடி அறிவிக்கப்பட்ட குறுகிய காலத்துக்கு மட்டும், மாநிலக் காவல் படகுகள் கூட்டு நடவடிக்கை மையத்தின் செயற்பாட்டுக் கட்டுப்பாட்டில் வருவதற்கு மாநிலங்களுடன் உடன்பாடு காணலாம்; நிர்வாகக் கட்டுப்பாடு மாநிலங்களிடமே இருக்கும். மூன்றாவதாக, எரிபொருளுக்கும் பராமரிப்புக்கும் பயிற்சிக்கும் உரிய தொடர்செலவை மத்திய, மாநில அரசுகள் பகிர்ந்துகொள்ளும் நிலையான விகிதம் வகுக்கப்பட வேண்டும்.

இவற்றில் எதற்கும் புதிய போர்க்கப்பல் தேவையில்லை. ஆழ்கடலில் கடற்படை, அதற்கு உட்புறத்தில் கடலோரக் காவற்படை, கரையோரத்தில் மாநிலக் காவல், இவை எல்லாவற்றுக்கும் முன்னே ஒவ்வொரு விடியலிலும் கடலுக்குச் செல்லும் மீனவர் என்ற வரிசை ஏற்கெனவே அமைந்துள்ளது. 2008-இல் வந்த படகைப் போன்ற இன்னொன்று வருமானால், அதைக் காண்பவரிடமிருந்து ஆணையிடுபவருக்கும், ஆணையிடுபவரிடமிருந்து செயற்படுபவருக்கும் செய்தி செல்ல எத்தனை நிமிடம் ஆகும் என்பதே இக்கட்டளை முறையின் தகுதியை அளக்கும் அளவுகோல். அந்த நிமிடங்களைக் குறைக்கும் பொறுப்பு கடற்படை அதிகாரியோடு நின்றுவிடுவதில்லை. மாவட்ட ஆட்சியரும், மீன்வளத் துறை ஆய்வாளரும், கோப்பில் கையெழுத்திடும் நிதித்துறை அலுவலரும் அதில் பங்குடையவர்களே.